சிகாமணி பெயர் போட்ட கிட்டார்

பிப்ரவரி 4, திங்கள்

டைரி எழுதுகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. ஆறாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் வெளியே விட்டுவிட்டது. சிமென்ட் கடையில் ஓசியாகக் கிடைத்த இந்த டைரியை எடுத்ததற்குக் காரணம் என் வீட்டம்மா ரூபாவதி. எதற்கெடுத்தாலும், "நேத்தே சொன்னம்லா, நீய காதுல வாங்கல" என்கிறாள். அவள் சொல்லவே இல்லை. இனி அவள் வாயிலிருந்து விழுவதை எல்லாம் தேதி போட்டு எழுதிவைத்து, ஒருநாள் மொத்தமாக விரித்துக் காட்டி அவள் மானத்தை வாங்குவதாகத் திட்டம்.

இன்று சொன்னது: கேஸ் தீரப் போகிறது. மாடித் தொட்டி வழிந்துகொண்டே இருந்தது, நான் கீழேயே நின்றுகொண்டு பார்க்கவில்லை. டிவியை இவ்வளவு சத்தமாக வைத்தால் பக்கத்து வீட்டுக்காரன் தனி டிவி வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

மில்லில் நல்ல கூட்டம். மிளகாய் அரைக்கிற மாதம். தூத்துக்குடியில் பாதிப் பெண்கள் என் முன்னால் நின்று தும்முகிறார்கள். "எனக்காக இம்புட்டுப் பேர் கண்ணீர் விடுதீங்களேம்மா" என்றேன். சந்தனமாரி என்கிறவள் டப்பாவால் அடிக்க வந்தாள்.

பிப்ரவரி 9, சனி

பிற்பகல் மில்லைப் பூட்டிவிட்டு தஸ்நேவிஸ் பட்டறைக்குப் போனேன்.

தஸ்நேவிஸ் யார் என்று பின்னால் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் லேத்துப் பட்டறை வைத்து, லாஞ்சு எனும் விசைப்படகுகளுக்குக் கடைசல் வேலை செய்துகொண்டிருந்த மனிதர். ஒரு சமயம் என் பெடல் கிட்டாரில் இரும்பு ஒன்று ஒடிந்து, வேறு போக்கிடம் இல்லாமல் அவரிடம் கொண்டு போனேன். ஒட்டிக் கொடுத்ததோடு நிற்காமல், "இதவிட நல்லதா நானே ஒண்ணு செய்வேன் அண்ணாச்சி" என்றார். செய்தும் விட்டார். நான் இப்போது வாசிப்பது அதைத்தான்.

இந்தக் கிட்டாரை மடியில் வைக்க முடியாது. மேசைபோல நாலு காலில் நிற்கும். இடது கையில் இரும்பு உருளையைப் பிடித்துத் தந்திமேல் வழுக்க வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மிதித்தால் தந்தி இறுகி சுருதி ஏறும். எவ்வளவு ஏற வேண்டும் என்பதை அடியில் இருக்கும் திருகாணி முடிவு செய்யும். அது மயிரிழை தவறினால் பாட்டு அழுவதற்குப் பதிலாகக் குரைக்கும்.

அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. மரமும் இரும்பும் அவர் வேலை. திருகாணி என் காது. முன்பக்கத்தில் பித்தளைத் தகட்டில் 'சிகாமணி' என்று என் பெயர். போன வருஷம் மே மாதம் வட்டாரச் சபைகள் கூடும் கன்வென்ஷனில் நான் வாசித்ததைக் கேட்டு நாலு சபைகள் கிட்டார் செய்யச் சொல்லியிருந்தார்கள். நாலும் தயார். இன்று திருகாணி வைத்தோம்.

அவர் கிட்டாருக்கு அடியில் படுத்துக்கொண்டார். நான் மேலே மீட்டினேன்.

"இன்னும் ஒரு நூல் ஏத்தும் வே."

"இதுவே கூடுதல்னு தோணுது அண்ணாச்சி."

"உமக்குத் தோணும். காதுக்குள்ள லேத்து ஓடுத ஆளு நீரு."

"அதும் சரிதான். ஒங்க காதுக்கு முன்னால நம்ம காது என்ன காது. ஏத்திட்டேன், பாருங்க."

அவர் மனைவி சிசிலி காப்பி கொண்டுவந்தது. "சுருதி பாக்க ஒரு டியூனர் மெஷின் வாங்கிப் போடுங்கன்னு சொல்லுதேன் அண்ணாச்சி, இவிய கேக்க மாட்டேங்காவ" என்றது.

அடியிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. "மெஷின் வச்சுத் திருகுன கிட்டாரு ஊரு பூரா கெடக்கு. அண்ணாச்சி காது வச்ச கிட்டாரு நம்ம பட்டறையிலதான் உண்டு. அதச் சொல்லித்தாம்ட்டி விக்கிதேன்."

நாலுக்கும் வைத்து முடித்தேன். பித்தளைத் தகட்டை அவரே துடைத்துத் துடைத்து மாட்டினார்.

பிப்ரவரி 17, ஞாயிறு

எங்கள் சபைக் கோயில் மணிக்கு ஜலதோஷம். முன்பு கணீர் என்று இருக்கும், இன்று சளி கட்டிக்கொண்டது போல அடித்தது. பாடகர் குழுவும் அப்படியே. எல்லோரும் சேர்ந்தே கீழே இறங்கிப் பாடுகிறார்கள். கீபோர்டு வாசிக்கிற ஐவனிடம், "என்ன தம்பி, கீபோர்டைத் தண்ணியில ஊறப்போட்டியா, சுருதி இறங்கிக் கெடக்கு" என்றேன். அவன் சிரித்தான். பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் ரூபாவதி குழம்பு தாளித்துக்கொண்டே பாடினாள். இந்த முப்பது வருஷத்தில் சமையலில் தப்பியிருக்கிறாள், சுருதியில் தப்பியதில்லை. இன்று அவளும் போய்விட்டாள். ஊரே விலகிக் கிடக்கிறது.

மார்ச் 1, வெள்ளி

மில்லில் பெல்ட் கருகிவிட்டது. வழுக்க ஆரம்பித்தால் கிறீச் என்று ஊரைக் கூட்டும், எட்டு வீடு தள்ளி நின்றாலும் ஓடிவந்து நிறுத்துவேன். இந்தத் தடவை கிறீச்சிடவே இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். புகை வந்த பிறகுதான் தெரிந்தது. சந்தனமாரி வந்து, "அண்ணே, கத்துன கத்துக்கு ரோட்டுல போறவன்லாம் நின்னு பாக்கான், நீரு பேப்பரு படிக்கீரே" என்றாள்.

அவள் எப்போதும் மிகைப்படுத்திச் சொல்கிறவள். புது பெல்ட் வாங்க வேண்டும். வேறு கடையில்.

மார்ச் 11, திங்கள்

ஏரல் பக்கத்துச் சபையிலிருந்து ஆள் வந்து தஸ்நேவிஸிடம் கிட்டாரை இறக்கிவிட்டுப் போனார்களாம். பெடலை மிதித்தால் கீபோர்டோடு சண்டை போடுகிறதாம். இன்னொரு சபையும் போனில் அதையே சொல்லியிருக்கிறது.

இன்று ரூபாவதி சொன்னது: "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, நான் எதிர்லதான் நிக்கேன்."

மார்ச் 13, புதன்

மற்ற சபைகளும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். தஸ்நேவிஸ் பட்டறையில் நாலு கிட்டாரும் சுவரோரம் வரிசையாக நிற்கின்றன. வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளைகள் மாதிரி. நாலின் நெற்றியிலும் என் பெயர்.

நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு சபையும் ஒன்றுபோலத் தப்பு என்கிறார்களே, யாராவது தப்பாக இருந்தாக வேண்டுமே.

"ஸ்பிரிங்கு தளந்துபோச்சு வே. நான் வைக்கும்போது சரியா இருந்தது. ஒம்ம இரும்பு நிக்க மாட்டேங்கு."

"அண்ணாச்சி, அது புது ஸ்பிரிங்கு. என் கையால சுத்துனது."

"லாஞ்சு உடைச்ச இரும்புல சுத்துனா? அது கடலுக்குப் போகணும்னு இழுக்கத்தான் செய்யும்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தஸ்நேவிஸ் சிரிக்கவில்லை. "தெரியாமச் சொல்லுதீய. ஏத்துங்கன்னது நீய. நான் கூடுதல்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வந்தால் சும்மா இருக்க மாட்டேன், இன்னும் நல்லாச் சிரிப்பேன். "அப்ப ஒண்ணு செய்யும். என் பேரைக் கழட்டிட்டு ஒம்ம பேரை மாட்டும். தஸ்நேவிஸ் கிட்டார். மிதிச்சா மீன்வாடை வரும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் திரும்ப உள்ளே இழுக்க முடியாதே. அவர் துணி ஒன்றை எடுத்துக் கை துடைக்க ஆரம்பித்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே நின்றபோது கேட்டவர்களிடமெல்லாம் லாஞ்சு இரும்புக் கதையைச் சொன்னேன். நல்ல வரவேற்பு. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் மெருகேறியது. கடைசியாகச் சொன்னபோது ஸ்பிரிங்கில் நண்டு ஒட்டியிருந்தது.

கன்வென்ஷன் கமிட்டிச் செயலர் அதிசயராஜ் சாரும் கேட்டுக்கொண்டிருந்தார். ரிட்டயர்டு தாசில்தார், லேசில் சிரிக்கமாட்டார். "ஈஸ்டர் கழிஞ்சு ஒரு மீட்டிங் போட்டு இதைத் தீர்த்திரணும் சிகாமணி. சபைகளோட விஷயம். தப்பு அவர் பேர்லன்னா இனி நம்ம வட்டாரத்துல யாரும் அவர்கிட்ட செய்ய வேண்டாம்னு சொல்லிருவோம். திருகாணி வச்ச எடத்துல தப்புன்னா, மேடையில நீங்க வாசிக்கிறதையும் யோசிக்கணும்" என்றார்.

அந்த மேடையைப் பற்றி எழுதவில்லை இதுவரை. மைதானத்தில் பந்தல் போட்டு, சுற்றுவட்டாரமெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும். பிரசங்கத்துக்கு முன்பு எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். பாட்டு கிடையாது. கிட்டார் மட்டும் தனியாக ஒரு கீர்த்தனையை வாசிக்கும். இருபது வருஷமாக அது என் நாற்காலி. வருஷம் முழுதும் தலையில் மாவோடு திரிகிறவன் அந்தக் கொஞ்ச நேரம்தான் மனுஷன்.

ஏப்ரல் 6, சனி

போன் கெட்டுவிட்டது. மூத்த மகள் கூப்பிட்டாள். வலது காதில் வைத்திருந்தபோது ஒரு குரல். கை வலித்து இடது காதுக்கு மாற்றினால் வேறு குரல், கொஞ்சம் தாழ்ந்து. "யாரும்மா அது பக்கத்துல பேசுதது?" என்று கேட்டேன். "நான் மட்டுந்தாம்ப்பா இருக்கேன்" என்றாள்.

வைத்த பிறகு மணிச்சத்தத்தை ஓடவிட்டு, ஒரு காதைப் பொத்திக் கேட்டேன். மறுகாதைப் பொத்திக் கேட்டேன். இரண்டு சுருதி.

ரூபாவதியின் போனை எடுத்துப் பார்த்தேன். அதுவும் கெட்டிருக்கிறது.

கிட்டார் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு தந்தியை மீட்டினேன். பொத்தினேன். மாற்றிப் பொத்தினேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மில்லைக் கழுவினேன்.

ஏப்ரல் 10, புதன்

பாளையங்கோட்டைக்குப் போனேன். ரூபாவதியிடம் பல் வலி என்று சொன்னேன்.

டாக்டர் சின்னப் பெண். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, "விசில் கேக்கும்போதெல்லாம் விரலத் தூக்குங்க ஐயா" என்றது. விசில் வரவில்லை. பாவம், சின்னப் பெண், மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது, மனம் நோகக் கூடாது என்று நானாக இரண்டு மூன்று தடவை விரலைத் தூக்கினேன். அது கண்ணாடிக்கு வெளியே இருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது.

பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கியது. மில் சத்தம், மேடையில் ஸ்பீக்கர் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்தது. போனது திரும்பாது, இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், மெஷின் மாட்டினால் பேச்சு கேட்கும். "பாட்டு?" என்று கேட்டேன். பேச்சு நல்லாக் கேக்கும் ஐயா என்று மறுபடியும் சொன்னது.

அது சத்தமாகச் சொன்னதில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோருக்கும் என் சேதி தெரிந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வல்லநாடு தாண்டியதுகூடத் தெரியவில்லை.

பல் எப்படி இருக்கு என்று ரூபாவதி கேட்டாள். பிடுங்க வேண்டியதில்லையாம் என்றேன்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. மணிக்கட்டு சுளுக்கு என்று சொல்லி வாசிக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிரசங்கம் செய்த ஐயர் வாய் அசைந்தது. எல்லோரும் அழுத இடத்தில் நானும் துண்டை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டேன். எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாவிட்டாலும் கண்ணீர் என்னமோ வந்தது.

ஏப்ரல் 24, புதன்

மீட்டிங் சனிக்கிழமை. தஸ்நேவிஸிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை சைக்கிளை எடுத்தேன். ஒரு தடவை பழைய பஸ் ஸ்டாண்டு வரை போய் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இன்னொரு தடவை தெருமுனையோடு சரி.

நான் சொன்னால் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் அவர் பட்டறை போகும். அவருக்கு லாஞ்சு வேலை இருக்கிறது. எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். யோசித்தது நியாயம் மாதிரிதான் இருந்தது. நியாயம் மாதிரி இருக்கிற வரை அதையே திரும்பத் திரும்ப யோசித்தேன்.

சாயங்காலம் ரூபாவதி கேட்டாள்: "தஸ்நேவிஸ் அண்ணன் மில்லுக்கு வந்தாவளே, என்ன சொன்னாவ?"

"வரலியே."

"வந்தாவளே. மில்லு ஓடல, நீய வாசலப் பாக்காம உக்காந்து சல்லடைய தட்டிக்கிட்டு இருந்திய. பின்னால நின்னு அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்புட்டாவ. நாலஞ்சு தடவ. நான் மாடியிலருந்து பாத்தேன். பொறவு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாவ."

அவர் பின்னால் நின்றிருக்கிறார். தெரிந்துகொண்டு போயிருக்கிறார்.

ஏப்ரல் 27, சனி

கோயில் ஹாலில் மீட்டிங். நாலு சபைக்காரர்கள், நாலு கிட்டார். அதிசயராஜ் சார் மேசை நடுவில். ஐவன் தன் செல்போனில் டியூனரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெடலாக மிதித்துக் காட்டினான். நாலும் ஒரே அளவுக்குக் கூடுதல்.

"ஒரே மாதிரி தப்பியிருக்கு. இரும்பு தளந்தா குறையத்தான செய்யும், எப்படி ஏறும்?" என்றார் ஏரல்காரர். அவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு வலப்பக்கம் தஸ்நேவிஸ் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தலை படிய வாரி. கல்யாணத்துக்கு வந்தவர் போல இருந்தார். எழுந்தார். என் பக்கம் திரும்பி, நான் வாயைப் பார்க்கும்படி நின்றுகொண்டு பேசினார். அது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி வச்சது சரியாத்தான் இருந்தது. அவிய போன பொறவு நான்தான் தொட்டேன். இரும்பு புதுசு, கொஞ்சம் இறங்கும்னு நெனச்சு, முன்கூட்டியே ஏத்தி வச்சேன். நாலுக்கும். அவியட்ட சொல்லல. தப்பு என் பேர்ல."

ஹால் அமைதியாகிவிட்டது. எனக்குத்தான் இப்போது எல்லா இடமும் அமைதி, ஆனால் இது வேறு அமைதி. எல்லோர் முகமும் அவர்மேல் இருந்தது. இதுதான் நேரம். வாயைத் திறந்தேன்.

"அது ஒண்ணுமில்ல சார். லாஞ்சுக்கு போல்ட்டு முறுக்குத கை. லேசாத் தொட்டாலே கடல் தாங்குத அளவுக்கு முறுக்கிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிசயராஜ் சார்கூடச் சிரித்தார். தஸ்நேவிஸும் சிரித்தார். நன்றாகவே சிரித்தார், நான் மீன்வாடை என்றபோது சிரிக்காத மனிதர்.

நாலு கிட்டாரையும் அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், இனி வட்டாரத்தில் யாரும் அவரிடம் செய்யச் சொல்லக் கூடாது, கன்வென்ஷனில் வழக்கம்போல நான். முடிவு.

ஏப்ரல் 28, ஞாயிறு

ரூபாவதி இன்று ஒன்றும் சொல்லவில்லை. எழுத எதுவும் இல்லை.

மே 4, சனி

துறைமுகப் பக்கம் போனேன். பட்டறைக்கு எதிரே டீக்கடையில் நின்று பார்த்தேன். இசைக்கருவி என்று எழுதிய போர்டு இறங்கிவிட்டது. வாசலில் ஒரு பெரிய லாஞ்சு விசிறி கிடந்தது. சிசிலி வெளியே வந்து குப்பையைக் கொட்டியது. என்னைப் பார்த்தது. "வாங்க அண்ணாச்சி" என்று சொல்லும், எப்போதும். உதடு அசையவில்லை, அவ்வளவு தூரத்திலும் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. உள்ளே போய்விட்டது.

டீ ஆறிவிட்டது. குடிக்காமல் வைத்தேன். டீக்கடைக்காரனிடம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

மே 12, ஞாயிறு

கன்வென்ஷன் கடைசி நாள். பந்தல் கொள்ளாத கூட்டம். ரூபாவதி சட்டையைத் தேய்த்துத் தந்தாள். என் கிட்டாரின் திருகாணிகளை ஐவன் டியூனர் வைத்துச் சரிசெய்து தந்திருந்தான். உருளையை எங்கே நிறுத்துவது என்று தந்திக்கு அடியிலிருக்கும் கோடுகளைப் பார்த்தே பழகியிருந்தேன். காது இல்லாமல் கண்ணால் வாசிக்கலாம் என்று நினைத்தேன்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் ஆரம்பித்தேன். முதல் அடி தாண்டியது. இரண்டாவது அடியில் என்னை மறந்தேன். எவ்வளவோ நாளுக்குப் பிறகு எனக்குள்ளே அந்தக் கீர்த்தனை முழுதாக, சுத்தமாகக் கேட்டது. முன் வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ரூபாவதி குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சரணத்தில் என் உருளை தவறிக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். யாரும் அசையவில்லை. கண்களை மூடியபடியே, தலை மெல்ல ஆடியபடியே இருந்தார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பினேன். ஐவன் கீபோர்டின் மேல் குனிந்து, ஒரு விரலைச் சுருதி வளைக்கிற சக்கரத்தில் வைத்துக் கிட்டார்போலவே இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருந்தான். என் கிட்டாரிலிருந்து போகும் வயரைக் கண்ணால் தொடர்ந்தேன். அது ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் போய், உள்ளே செருகாமல் பக்கத்தில் சுருட்டி அழகாக வைக்கப்பட்டிருந்தது.

உருளையை மறுபடி தந்திமேல் வைத்தேன். கீர்த்தனை முடியும்வரை கையை ஆட்டினேன்.

கூட்டம் முடிந்து எத்தனையோ பேர் வந்து கையைப் பிடித்தார்கள். உருகிவிட்டோம் என்பதை வாயசைவிலேயே படித்தேன். கடைசியில் அதிசயராஜ் சார் வந்தார். என் இரண்டு தோளையும் பிடித்து, முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயை அகலமாகத் திறந்து, பச்சைப் பிள்ளைக்குச் சொல்லுவது போல ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்:

"அடுத்த வருஷமும் நீங்கதான்."

பின்னால் நின்ற கமிட்டிக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட ஆச்சரியம் இல்லை. ஹாலில் அன்றைக்குச் சிரித்த அதே முகங்கள்தான்.

சரி சார் என்றேன்.